கடைசி ரீலுக்குப் புது கார்பன்

ஆபரேட்டர் அறையில் நிற்பவனுக்கு ரசிகர்களின் முகம் தெரியாது. பின்னந்தலைதான் தெரியும். சுவரில் இரண்டு துவாரங்கள் இருக்கும். ஒன்றின் வழியே வெளிச்சம் போகும், இன்னொன்றின் வழியே நாங்கள் பார்ப்போம். அந்தக் கையகலக் கண்ணாடி வழியாக நாற்பது வருடம் பின்னந்தலைகளைப் பார்த்திருக்கிறேன். பாட்டு வந்தால் கால்வாசித் தலைகள் எழுந்து வெளியே போகும். அழுகைக் காட்சியில் தலைகள் குனியும், முந்தானை மேலே எழும். சண்டைக் காட்சியில் ஆளுக்கொரு பக்கமாகத் துள்ளும். கபடி நடக்கும்போது மட்டும் அறுநூறு தலைகளும் ஒரே பக்கம் சாயும். பாடிப் போகிறவன் இடது மூலைக்குப் போனால் எல்லாத் தலைகளும் இடதுபக்கம், அவன் திரும்பிக் கோட்டுக்கு ஓடிவந்தால் எல்லாம் வலதுபக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், எந்த ஊர், என்ன ஆள் என்றெல்லாம் தெரியாமலே தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாய்வார்கள்.

சினிமாத் தொழிலில் இருப்பவர்கள் படங்களைப் பிரித்துப் பேசும்போது மாஸ் படம், ஃபேமிலி படம், பேய்ப் படம், சாமி படம் என்பார்கள். விளையாட்டுப் படம் என்று தனியாகச் சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கு அது தனி இனம்தான். அதை ஓட்டுவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவம் எனக்கு எப்படி வந்தது என்பதையும், இன்றைக்கு அது என்ன ஆகியிருக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

1984-ல், பதினாறு வயதில், திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் வழியில் ஒரு டூரிங் டாக்கீஸில் பையனாகச் சேர்ந்தேன். ஃபிலிம் சுற்றுவது, கார்பன் எடுத்துக் கொடுப்பது, ஆபரேட்டர் அண்ணனுக்கு டீ வாங்கி வருவது என் வேலை. கீற்றுக் கொட்டகை. தரை டிக்கெட்காரர்களுக்கு மணல், அதற்குப் பின்னால் பெஞ்ச், கடைசியில் கொஞ்சம் மடக்கு நாற்காலி. இருட்டினால்தான் படம். இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். படத்தை நான்கு பாகமாகப் பிரித்துப் பெரிய ஸ்பூல்களில் சுற்றி வைத்திருப்போம். ஒரு பாகம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ஸ்பூலை மாட்ட வேண்டும். அதனால் மூன்று இடைவேளை. முறுக்கு, கடலை மிட்டாய் விற்பவர்களுக்கு அதில் சந்தோஷம்.

எம்.ஜி.ஆர். படம் போட்டால் எத்தனையாவது முறையானாலும் கூட்டம் வரும். அந்த வருடக் கோடையில் 'தாய்க்குப் பின் தாரம்' வந்தது. 1956-ல் வந்த தேவர் பிலிம்ஸ் படம். நான் பிறப்பதற்கு முன்பே ஓடி முடிந்த படம். அதில் எம்.ஜி.ஆர். காளையை அடக்குகிற காட்சி உண்டு. படப்பெட்டி வந்து இறங்கிய மத்தியானம் அண்ணன் ரீல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்க வந்து உடையுதுடா" என்றார். மூன்றாவது பாகத்தை வழக்கமாக முடிக்கும் இடம் சரியாகக் காளைக் காட்சியின் நடுவில் விழுந்தது. மாடு திமிறிக்கொண்டிருக்கும்போது திரை அணைந்து விளக்கு எரியும்.

அண்ணன் கத்தரியை எடுத்தார். நான்காவது பாகத்தின் தொடக்கத்திலிருந்து காளைக் காட்சி முடிகிற வரைக்கும் வெட்டி எடுத்து, ஃபிலிம் சிமெண்ட் தடவி, மூன்றாவது பாகத்தின் வாலில் ஒட்டினார். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஏறக்குறைய மூன்று நிமிடக் காட்சி, 270 அடி. அதை ஒட்டிச் சுற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. படம் எடுபட்டுப் பெட்டி திரும்பிப் போகிற அன்று அதையே மறுபடி வெட்டிப் பழைய இடத்தில் ஒட்டவேண்டும், அதற்கு இன்னொரு மணி நேரம். இந்த வேலைக்கு யாரும் அவருக்குக் காசு கொடுக்கவில்லை. முதலாளிக்கு அது தெரியவே தெரியாது. "மாடு திமிறும்போது லைட்டைப் போட்டா அது பாவம்டா" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு நான் அறைக்குள் நிற்கவில்லை. மணலில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் மாடு பிடிக்கிற ஊர்க்காரர்கள். காளை தலையைத் தாழ்த்தியதும் முன்னால் இருந்தவர்கள் உட்கார்ந்தபடியே மணலில் பின்னுக்கு நகர்ந்தார்கள். ஒரு பெரியவர், "திமிலப் புடி, கொம்புல கை வைக்காத" என்று எம்.ஜி.ஆருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அடக்கி முடித்ததும் மணலை வாரி மேலே எறிந்தார்கள். பிறகுதான் விளக்கு எரிந்தது. முறுக்கு விற்பவனை அன்றைக்கு ஐந்து நிமிடம் யாரும் கூப்பிடவில்லை. எழுந்து நின்று மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

டூரிங் டாக்கீஸ் மூடிய பிறகு, பரீட்சை எழுதி ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கி, 1989-ல் பக்கத்து ஊரில் ஒரு நிரந்தரத் தியேட்டருக்குப் போனேன். 640 இருக்கை. இரண்டு புரொஜெக்டர். ஒன்று ஓடும்போது மற்றதில் அடுத்த ரீலை மாட்டிவைத்து, திரையின் வலது மூலையில் புள்ளி வந்ததும் மோட்டாரைப் போட்டு, இரண்டாவது புள்ளிக்குச் சேஞ்ச் ஓவர் செய்யவேண்டும். இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஏழெட்டு வினாடிதான். ஒழுங்காகச் செய்தால் கீழே இருப்பவருக்கு ரீல் மாறியதே தெரியாது.

வெளிச்சத்துக்கு அப்போது கார்பன். இரண்டு குச்சிகளுக்கு நடுவில் நெருப்பு எரியும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், திரையில் வெளிச்சம் மஞ்சளாகும். அதைக் கைப்பிடியால் நெருக்கிக்கொண்டே இருக்கவேண்டும். குச்சி விலை அதிகம் என்பதால் முதலாளிகள் எண்ணித்தான் கொடுப்பார்கள். பாதி தேய்ந்த துண்டுகளை வீணாக்காமல் அடுத்த ரீலுக்கு வைத்துக்கொள்வோம். அங்கேயும் எனக்கு மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். அவர் வைத்த சட்டம் ஒன்று: கடைசி ரீலுக்கு எப்போதும் புது கார்பன். துண்டு எவ்வளவு நீளமாக மிஞ்சியிருந்தாலும் சரி. க்ளைமாக்ஸ் நடுவில் துண்டு தீர்ந்து திரை இருண்டால் அதுவரை இரண்டரை மணி நேரம் ஓட்டியது எல்லாம் வீண் என்பார். நானும் கார்பன் இருந்தவரை அந்தச் சட்டத்தை மீறவில்லை. 90-களின் கடைசியில் ஸினான் விளக்கு வந்தது. கைப்பிடி வேலை போனது. புகையும் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. நெஞ்சுச்சளி பாதி குறைந்தது.

ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தும் ஆட்டம் நின்றுபோன நாளும் உண்டு. அது 2004, 'கில்லி' படம்.

அந்தக் காலத்தில் சின்ன ஊர்த் தியேட்டர்கள் இரண்டு சேர்ந்து ஒரே பிரிண்டைப் போடுவது வழக்கம். ஷிஃப்டிங் என்போம். ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த தியேட்டரில் முக்கால் மணி நேரம் முன்னதாகக் காட்சி தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களை இரண்டிரண்டாக ஒரு பையன் டிவிஎஸ் 50-யில் எடுத்துவருவான். எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட். இரண்டாம் ஞாயிறு மாலைக் காட்சி, ஹவுஸ்ஃபுல். பால்கனிப் படியில் கூட உட்கார்ந்திருந்தார்கள். கபடி இறுதிப் போட்டி தொடங்கிவிட்டது. கதாநாயகன் வேலு அடிவாங்கிக்கொண்டிருக்கிறான். அடுத்த ரீல் இன்னும் வரவில்லை. நான் படிக்கட்டுக்கும் புரொஜெக்டருக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ரீல் தீர்ந்தது. வெள்ளைத் திரை. விளக்கைப் போட்டேன்.

வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். சிறிது நேரத்தில் சத்தம் மாறியது. துவாரம் வழியாகப் பார்த்தால், திரைக்கு முன்னால் இருந்த சிமெண்ட் மேடையில் ஏழெட்டுப் பையன்கள் ஏறிவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவன் செருப்பால் நடுக்கோடு போட்டான். இன்னொருவன் பாட ஆரம்பித்தான். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பிரிந்து கத்தினார்கள். எந்தப் பக்கம் எந்த அணி என்பதெல்லாம் இல்லை, வலதுபக்க வரிசையில் இருந்தவர்களுக்கு வலதுபக்கம் இருந்தவன் சொந்தக்காரன். பதினெட்டு நிமிடம் அந்த ஆட்டம் நடந்தது. டிக்கெட் கிழிக்கிறவர் ஓடிவந்து, "இறக்கி விடவாண்ணே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

கேட் திறந்து ரீல் வந்தது. மாட்டி, விளக்கை அணைத்தேன். மேடையிலிருந்த பையன்கள் அப்படியே கீழே குதித்து முன்வரிசைத் தரையில் உட்கார்ந்தார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு. கூட்டத்தில் நாயகி தனலட்சுமியைப் பார்த்த பிறகு வேலு எழுந்து ஆடுகிற இடம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த காலி ஸ்பூல் அதிர்ந்து உருண்டது. ஆட்டம் உடைந்துவிட்டது என்று நான் பயந்தேன். உடையவில்லை, அவர்கள் அதைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அதன் பிறகு ரசிகர்களைக் குறைத்துப் பேசுகிறவர்களிடம் நான் நின்று பேசுவதில்லை.

ஐந்து வருடம் கழித்து, 2009 ஜனவரி கடைசியில், 'வெண்ணிலா கபடி குழு' வந்தது. இயக்குநர் சுசீந்திரனுக்கு அது முதல் படம், கதாநாயகன் விஷ்ணுவுக்கும் முதல் படம். எங்கள் பக்கத்து மண், எங்கள் பேச்சு. முதல் நாள் காலைக் காட்சிக்கு எண்பது பேர். அதற்கு அடுத்த வாரம் டிராக்டரில் வந்தார்கள். ஒவ்வொரு ஊர்க் கபடிக் குழுவும் தன் பனியனைப் போட்டுக்கொண்டு வந்தது, முதுகில் எண்ணோடு. இருக்கையில் கூடக் குழு குழுவாகத்தான் உட்கார்ந்தார்கள். பரோட்டாக் காட்சியில் சூரிக்குக் கிடைத்த சிரிப்பை எல்லாரும் அறிவார்கள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது மதுரைப் போட்டியைப் பற்றி.

கபடி தெரிந்தவர்கள் பார்க்கும்போது திரையில் ஓடுவது படம் என்பதே மறந்துபோகிறது. "கால் புடி, கால் புடி", "கோட்ட விட்டு ஏறாத", "மூலையில நிக்காதடா" என்று விடாமல் உத்தரவு போகும். இன்னொன்றை அப்போதுதான் முதன்முதலாகக் கவனித்தேன். பாடிப் போகிறவன் மூச்சை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டியதும் ஹாலில் சத்தம் அடங்கிவிடும். எல்லாரும் அவனோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். சுவர் மின்விசிறிகளின் கடகடச் சத்தம் மட்டும் எனக்கு மேலே கேட்கும். அவன் திரும்பி வந்து கோட்டைத் தொட்டதும் அறுநூறு பேர் மூச்சு விடுவார்கள், அது பெருமழை ஓட்டுக்கூரையில் இறங்குவது மாதிரி இருக்கும். முப்பது வினாடிக்கு ஒருதரம் அடக்கம், ஓசை, அடக்கம், ஓசை. கிரிக்கெட் படத்தில் இது வராது. அதில் பந்து மேலே போய் இறங்குகிற நேரம்தான் கிடைக்கும். கபடி நம் ஆட்கள் மூச்சோடு சேர்ந்த ஆட்டம்.

கடைசிக் கால்மணி நேரம் கேண்டீன்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நிற்பார். சைக்கிள் ஸ்டாண்ட் பையன் நிற்பான். டார்ச் அடிப்பவர், டிக்கெட் கொடுப்பவர், வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்கும் ஆயா வரை எல்லாரும் நிற்பார்கள். தினமும் நான்கு காட்சி பார்த்தவர்கள்தான். எந்த நொடியில் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம். ஆனாலும் வருவார்கள்.

படத்தில் போட்டியை ஜெயித்துக் கொடுத்துவிட்டுக் கதாநாயகன் மாரிமுத்து இறந்துபோகிறான். முதல் வாரத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். வழக்கம்போல் படம் முடிந்த உடனே விளக்கைப் போட்டேன். பனியன் போட்ட வாட்டசாட்டமான ஆட்கள் கன்னத்தில் கண்ணீரோடு ஒருவரையொருவர் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு அவசரமாக வெளியேறினார்கள். அவர்களை நான் அம்பலப்படுத்திவிட்டேன் என்று பட்டது. அடுத்த காட்சியிலிருந்து விளக்கைப் போட ஒரு நிமிடம் பொறுத்தேன். இருட்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் கிடைத்தது. மேனேஜர் மேலே வந்து ஏன் தாமதம் என்றார். சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப்போனார். அந்த ஒரு நிமிடம் அந்தப் படம் ஓடிய வரைக்கும் இருந்தது.

ஒரு இரவு இரண்டாம் காட்சி முடிந்து நான் ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருக்கையில் படியேறி ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், இடது முழங்காலில் பெரிய தழும்பு. "தம்பி, அந்தக் கடைசி ரீல மட்டும் இன்னொரு தடவ போடுவீங்களா? எனக்காக வேண்டாம். கீழ எங்க செட்டு ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். ஒருகாலத்தில் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டால் திருப்பிப் போடுவோம், அந்தப் பழக்கம் எப்போதோ நின்றுவிட்டது. மணி ஒன்றே கால். மேனேஜர் வீட்டுக்குப் போய்விட்டார். போட்டேன். காலி ஹாலில் ஒன்பது பேர். கத்தவில்லை, விசிலடிக்கவில்லை. சாய்ந்து சாய்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் என் அறையை நோக்கித் திரும்பிக் கைதூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

2012 வாக்கில் எங்கள் தியேட்டருக்கும் க்யூப் என்ற டிஜிட்டல் முறை வந்தது. ஃபிலிம் புரொஜெக்டர்கள் இரண்டும் பழைய இரும்புக்குப் போயின. பெட்டி இல்லை, ரீல் இல்லை, சேஞ்ச் ஓவர் இல்லை. சர்வரில் படம் வந்து இறங்கும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓட்டலாம் என்று கீ வரும், பட்டனைத் தட்டினால் ஓடும். நல்லதைச் சொல்லவேண்டும்: எங்கள் சின்ன ஊருக்கும் கோடு விழாத படம் வந்தது. சென்னையில் வருகிற அன்றைக்கே எங்களுக்கும் வந்தது. ஒன்பது கிலோமீட்டர் ரீல் ஓட்டம் முடிந்தது. போனது ஆபரேட்டரின் கை. பல தியேட்டர்களில் பட்டனைத் தட்டிவிட்டு ஆபரேட்டர் கீழே இறங்கிவிடுகிறார். இடைவேளைக்குத்தான் மேலே போகிறார்.

நான் இறங்கவில்லை. எனக்கு மிஞ்சியிருந்தது ஃபேடர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். டால்பிக்காரர்கள் ஏழு என்ற எண்ணில் வைக்கச் சொல்வார்கள். அதுதான் படத்தில் சத்தம் சேர்த்தவர்கள் கேட்ட அளவு. பெரும்பாலான தியேட்டர்களில் ஐந்து, ஐந்தரையில்தான் இருக்கும், காது வலிக்கிறது என்று புகார் வரும் என்பதால். ஆனால் காலி ஹாலில் வைக்கிற அளவு நிறைந்த ஹாலுக்குப் போதாது. அறுநூறு பேரின் உடம்பும் துணியும் சத்தத்தைக் குடித்துவிடும். அதற்கு மேல் அவர்களுடைய சத்தம் வேறு. விளையாட்டுப் படத்தில் கடைசி அரைமணி நேரம் ஃபேடரை ஒரே இடத்தில் வைத்திருந்தால் கூட்டத்தின் சத்தத்தில் வசனம் மூழ்கும், அல்லது கூட்டம் அடங்கும்போது படம் காதைக் கிழிக்கும். கூட்டம் ஏறும்போது கொஞ்சம் ஏற்றி, அவர்கள் மூச்சைப் பிடிக்கும்போது கொஞ்சம் இறக்கவேண்டும். மத்தளக்காரர் பாட்டுக்காரரைப் பார்த்தே வாசிப்பது போல. அறைக்குள் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை நம்பினால் இது வராது. துவாரத்துக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் காதை வைக்கவேண்டும்.

2016-ல் தோனியின் கதை தமிழிலும் வந்தது. அதன் முடிவில் 2011 ஏப்ரல் 2-ந் தேதி வான்கடே மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டி. குலசேகரா பந்தில் தோனி அடித்த சிக்ஸரை எங்கள் ஊரில் பார்க்காதவர் யாரும் இல்லை. நூறு தடவை டிவியில் காட்டியாகிவிட்டது. பந்து எங்கே போகும், அதற்குப் பிறகு தோனி மட்டையை எப்படிச் சுழற்றுவார் என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். எனவே அந்த இடத்தில் ஹால் சாதாரணமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு முந்தைய பந்திலேயே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தெரிந்ததால்தான் எழுந்தார்கள். 2011-ல் அவரவர் வீட்டில், நான்கு பேராக, அந்த இரவைக் கழித்தவர்கள் ஐந்து வருடம் கழித்து ஒன்றாகக் கொண்டாட வந்திருந்தார்கள். திருவிழாவில் சூரன் தலை விழும் என்று தெரியாமலா கடற்கரையில் லட்சம் பேர் நிற்கிறார்கள்?

பெரிய நடிகரின் படத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் நாள் முதல் காட்சி கூட்டம் நடிகருக்காக வருகிறது. 2019 தீபாவளிக்கு 'பிகில்' வந்தபோது முதல் மூன்று நாள் ஒரு வசனம் கூட எனக்குக் கேட்கவில்லை. காகிதம் பறந்தது, மேளம் வந்தது. அது அவர்களுடைய கொண்டாட்டம், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் படத்தில் பெண்கள் கால்பந்தாடியதை இரண்டாவது வாரம்தான் எங்கள் ஹால் பார்த்தது, குடும்பங்கள் வந்த பிறகு. 'கனா'வுக்கு இது தலைகீழ். 2018 டிசம்பர் 21 அன்று அதோடு இன்னும் பல படங்கள் மோதின. எங்களுக்கு ஒரு நாளில் ஒரே காட்சிதான் கிடைத்தது. இந்தியா தோற்றதற்காக அழும் விவசாயி அப்பா, அதைப் பார்த்துக் கிரிக்கெட் ஆடக் கிளம்பும் மகள். வாய் வார்த்தையாகப் பரவி, பள்ளிச் சீருடையிலேயே பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள். அந்த மகள் கௌசல்யா பந்துவீசும்போது எழுந்த சத்தம் முப்பது வருடத்தில் நான் கேட்ட எந்த விளையாட்டுச் சத்தத்தையும் போல இல்லை. மெல்லிய குரல்கள், ஆயிரம் குருவி ஒன்றாகக் கிளம்பின மாதிரி. அதுவரை எங்கள் ஹாலில் ஆட்டம் பார்த்துக் கத்தியது ஆண்கள்தான், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குப் பெண்கள் கத்தினார்கள், கூட வந்த அப்பாக்கள் வாயடைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் படத்துக்குக் காட்சிகளைக் கூட்டச்சொல்லி முதலாளியிடம் நானே போய்க் கேட்டேன்.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் மூடி, நவம்பரில் பாதி இருக்கைகளோடு திறந்து, 2021 ஏப்ரலில் மறுபடி மூடினோம். மூடியிருந்தாலும் நான் வாரத்துக்கு இரண்டு நாள் போவேன். மெஷினை ஓட்டாமல் விட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சர்வர் படுத்துவிடும். கீ இல்லாததால் படம் ஓடாது. பழைய விளம்பரங்களையும் ட்ரெய்லர்களையும் காலி நாற்காலிகளுக்கு ஓட்டிவிட்டு வருவேன்.

அந்த ஜூலை 22-ல் 'சார்பட்டா பரம்பரை' நேராக ஓடிடியில் வந்தது. தியேட்டர் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. என் மகன் வீட்டு டிவியில் போட்டான். வடசென்னைக் குத்துச்சண்டை, கபிலனும் வேம்புலியும், ரங்கன் வாத்தியாரும். டான்சிங் ரோஸ் களத்தில் கால் மாற்றி மாற்றி வந்தபோது என் வலதுகை தானாக ஃபேடரைத் தேடியது. வீட்டில் ஐந்து பேர். நடுவில் பேரன் தண்ணீர் கேட்டான், நிறுத்தினார்கள். குக்கர் விசிலடித்தது, நிறுத்தினார்கள். மாடு திமிறும்போது லைட்டைப் போடுகிறார்களே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். அந்த மாதிரி நாளில் அந்தப் படம் ஜனங்களிடம் போய்ச் சேர வேறு வழியில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சண்டைக்கு அறுநூறு பேர் கடன்பட்டிருக்கிறோம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் ஆயுளில் நான் ஓட்டாமல் விட்ட படம் என்று வருத்தப்படுவது அது ஒன்றுக்குத்தான்.

தியேட்டர்கள் திறந்த பிறகு கூட்டம் பழையபடி வராது என்று எல்லாரும் சொன்னார்கள். பாதி உண்மை. எங்கள் 640 இருக்கையில் வார நாட்களில் ஐம்பது நிரம்பினால் பெரிது. 2024 ஏப்ரலில் 'கில்லி'யை மறுபடி வெளியிட்டார்கள். 2004-க்குப் பிறகு பிறந்த பையன்கள்தான் பெரும்பாலும். ஒவ்வொரு வசனத்தையும் திரையில் வருவதற்கு முன்பே சொன்னார்கள். ரயில்வே கேட் இல்லை, ரீல் இல்லை, எனக்கு எந்தப் பதைப்பும் இல்லை. கபடிப் போட்டி வந்ததும் தலைகள் இடதும் வலதுமாகச் சாய்ந்தன. நடுவில் ஒரு வழுக்கைத் தலை. அது மற்ற தலைகளுக்கு ஒரு நொடி முன்னதாகவே சாய்ந்தது. படம் முடிந்ததும் அவர் மேலே வந்து, "அண்ணே, அன்னிக்கு மேடையில பாடிப் போனது நான்தான்" என்றார். மகனைக் கூட்டி வந்திருந்தார்.

அதே வருடம் செப்டம்பர் 20-ல் 'லப்பர் பந்து'. மாமனாராகப் போகிறவரும் மருமகனாகப் போகிறவரும் ஊர் மைதானத்தில் எதிரெதிரே நிற்கிற கதை. மாமனார் கெத்து மட்டையோடு இறங்கும்போது விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டு வரும். விஜயகாந்த் போய் ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஹாலில் அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்றவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே விசிலடித்தார்கள். கணவன் மட்டை பிடிப்பதையே வெறுக்கும் யசோதை பேசும்போதெல்லாம் பெண்கள் பக்கமிருந்து கைத்தட்டல் வந்தது, அடுத்த பந்தில் அதே பெண்கள் கெத்துக்காகவும் கத்தினார்கள். மூன்றாவது வாரம் ஞாயிறு மாலை கூடுதல் நாற்காலி போட்டோம். கடைசி அரைமணி நேரம் கேண்டீன்காரர் கதவோரம் வந்து நின்றார். பழையவர் இல்லை, அவருடைய மகன். நான் காதைத் துவாரத்தில் வைத்து, ஃபேடரை ஐந்தரையிலிருந்து ஆறரைக்கும் ஐந்துக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த வருடக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

இப்போது என் இடத்தில் இருக்கும் தம்பிக்கும், வேறு ஊர்களில் பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குக் கார்பன் இல்லை, ரீல் இல்லை, வேலை சுலபம். நல்லதுதான். ஆனால் திரையில் ஆட்டம் நடக்கிற படம் வந்தால் கடைசி அரைமணி நேரம் கீழே இறங்காதீர்கள். ஃபோனை வைத்துவிட்டுத் துவாரத்தின் கண்ணாடியைத் தள்ளுங்கள். கை ஃபேடரின் மேல் இருக்கட்டும். படம் முடிந்ததும் ஒரு நிமிடம் பொறுத்து விளக்கைப் போடுங்கள்.